நிதானமாக ஓட்டுகிறவருக்கு என்ன மிச்சம்?



திங்கள்நகர், கருங்கல், மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி என்று குளச்சலைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து நமக்கு வருகிற கடிதங்களில் ஒரு கேள்வி விடாமல் வந்துகொண்டிருக்கிறது. "வருஷக்கணக்கில் ஒரு கீறல் விழாமல் கார் ஓட்டுகிறேன். பக்கத்து வீட்டுப் பையன் மாசத்துக்கொரு தடவை எங்கேயாவது கொண்டு இடிக்கிறான். இன்சூரன்ஸ் கட்டும்போது ரெண்டு பேருக்கும் ஒரே தொகைதானா? ஒழுங்காக ஓட்டுவதால் எனக்கு என்ன மிச்சம்?"

நியாயமான கேள்வி. இந்த மாதம் ஆசிரியர் பக்கத்தை இதற்கே ஒதுக்குகிறேன். நிதானமாக ஓட்டுகிறவருக்கு நம் நாட்டில் ஒரு தள்ளுபடி உண்டு. பலர் அதை அறியாமலே இழக்கிறார்கள். அதைவிடப் பெரிய மிச்சமொன்றும் உண்டு. அதை ஒருவர் தனியாகச் சம்பாதிக்க முடியாது, ஊர் சேர்ந்துதான் சம்பாதிக்க வேண்டும். இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் உங்கள் பாலிசித் தாளைக் கையில் எடுங்கள். முழுக் காப்பீடு எடுத்தவர்களின் தாளில் இரண்டு தொகைகள் தனித்தனியாகப் போட்டிருக்கும். ஒன்று 'தேர்ட் பார்ட்டி', அதாவது நம் வண்டியால் பிறருக்கு நேரும் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் சேதத்துக்குமான காப்பீடு. சட்டப்படி இது எல்லா வண்டிக்கும் கட்டாயம். மற்றது 'ஓன் டேமேஜ்', நம் சொந்த வண்டியின் சேதத்துக்கானது. இது நம் விருப்பம்.

தேர்ட் பார்ட்டித் தொகையைக் காப்பீட்டு நிறுவனம் தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யைக் கலந்து நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த விகிதத்தில் 1000 சி.சி. வரையிலான சொந்தக் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1000க்கு மேல் 1500 சி.சி. வரை 3,416; அதற்கும் மேலென்றால் 7,897. இருசக்கர வாகனத்தில் 75க்கு மேல் 150 சி.சி. வரை 714 ரூபாய். இவற்றோடு ஜி.எஸ்.டி. சேரும். வண்டியை ஓட்டுகிறவர் யார், எப்படி ஓட்டுகிறார் என்று இந்தக் கணக்கு கேட்பதில்லை. இன்ஜின் எத்தனை சி.சி. என்று மட்டும் கேட்கும். வாசகர்களின் மனக்குறை பாதி சரி என்பது இதனால்தான்.

மீதிப் பாதிக்கு வருவோம். ஓன் டேமேஜ் பகுதியில் 'நோ கிளைம் போனஸ்' என்றொரு வரி இருக்கும். ஓர் ஆண்டு முழுவதும் வண்டிச் சேதத்துக்காகப் பணம் கேட்காமல் இருந்தால் அடுத்த ஆண்டு அந்தப் பகுதியில் 20 விழுக்காடு கழிவு. இரண்டாண்டு கேட்காவிட்டால் 25, மூன்றாண்டுக்கு 35, நான்காண்டுக்கு 45, ஐந்தாண்டுக்கு 50 விழுக்காடு. அதற்குமேல் ஏறாது, ஆனால் கிளைம் இல்லாத வரைக்கும் அந்தப் பாதி விலை நிற்கும். நம்முடைய நிதானத்தைக் கணக்கில் எழுதி வைக்கிற வரி, பாலிசித் தாளில் இதுதான். ஐந்தாண்டு கவனமாக ஓட்டிச் சேர்த்ததை ஒரே ஒரு கிளைமில் சுழியத்துக்குக் கொண்டு வந்துவிடவும் செய்யலாம். அதுவே நம்மவர்களில் பலர் செய்கிற தவறு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருடைய ஓன் டேமேஜ் பிரீமியம் கழிவுக்கு முன் 10,000 ரூபாய், 50 விழுக்காடு கழிவு பெற்று 5,000 கட்டி வருகிறார் என்று வையுங்கள். நம் ஊர்ச் சந்துகளில் எதிரே ஒரு மினி பஸ் வந்தால் காம்பவுண்டுச் சுவரை ஒட்டித்தான் ஒதுங்க வேண்டும். அப்படி ஒதுங்கும்போது பம்பர் உரசிவிட்டது. பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, 4,000 ரூபாய் செலவு. "இன்சூரன்ஸ் இருக்கே, கிளைம் போட்டுரலாம்" என்று பட்டறையில் சொல்கிறார்கள். போட்டால் என்ன ஆகும்? அடுத்த ஆண்டு கழிவே இல்லாமல் 10,000 கட்ட வேண்டும். பிறகு 8,000, 7,500, 6,500, 5,500 என்று படிப்படியாக இறங்கி, ஆறாவது ஆண்டில்தான் பழைய 5,000 வரும். பிரீமியம் ஏறாமல் அப்படியே இருந்தால்கூட இந்த ஐந்தாண்டில் கூடுதலாகப் போவது 12,500 ரூபாய். வருவதும் முழு 4,000 அல்ல. 1500 சி.சி. வரையிலான காருக்கு ஒவ்வொரு கிளைமிலும் 1,000 ரூபாய் நம் கையிலிருந்து போக வேண்டும். பிளாஸ்டிக் பாகத்தை மாற்றினால் தேய்மானம் என்று பாதி விலையைக் கழிப்பார்கள். 'ஜீரோ டெப்' என்கிற கூடுதல் பாதுகாப்பை எடுத்தவர்களுக்குத்தான் அந்தக் கழிப்பு இல்லை.

ஆகவே சிறிய உரசலுக்குக் கிளைம் போடுமுன் ஒரு தாளில் இந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள். பெரிய சேதமென்றால் தயங்க வேண்டாம், காப்பீடு அதற்காகத்தான். ஆண்டில் ஒரு கிளைம் போட்டாலும் போனஸ் போகாதபடி காக்கிற கூடுதல் பாதுகாப்பும் உண்டு. அதற்குத் தனிக் கட்டணம் ஆகும். புதுப்பிக்கும்போது ஏஜென்டிடம் விலையைக் கேட்டு, நமக்குக் கட்டுமா என்று பார்த்து எடுக்கலாம்.

போனஸ் பற்றி இன்னும் சில செய்திகள், குறிப்பாக வெளிநாட்டில் வேலை பார்க்கிற குடும்பங்களுக்கு. இந்தக் கழிவு வண்டிக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. வண்டியை விற்கும்போது வாங்குகிறவருக்கு அது போகாது. காரை விற்றுவிட்டு வளைகுடாவுக்குப் போகிறவர்கள் பலர். போகுமுன் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்து நோ கிளைம் போனஸ் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாண்டுக்குள் திரும்பி வந்து புதிய கார் வாங்கினால் அந்தக் கழிவு புதிய பாலிசியில் கிடைக்கும். காரை விற்காமல் ஷெட்டில் போட்டுவிட்டுப் போகிறவர்கள் பாலிசி முடியும் தேதியை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்த போனஸ் முழுவதும் போய்விடும்.

அப்படி ஷெட்டில் கிடக்கிற கார்கள் நம் பகுதியில் ஏராளம். கல்யாணம், கோவில் கொடை, பள்ளித் திருவிழா, ஏர்போர்ட் என்று எப்போதாவதுதான் வெளியே எடுக்கிறார்கள். இவர்களுக்கு உதவுகிற ஒரு மாற்றம் 2022 ஜூலையில் வந்தது. ஓடுகிற தூரத்துக்குத் தக்கபடியும் ஓட்டுகிற விதத்துக்குத் தக்கபடியும் ஓன் டேமேஜ் பிரீமியத்தைக் கணக்கிடுகிற திட்டங்களை நிறுவனங்கள் விற்கலாம் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதி தந்தது. முதல் வகையில் ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று நாமே சொல்லிக் குறைந்த தொகை கட்டலாம். இரண்டாவது வகையில் வண்டியில் பொருத்திய கருவியோ கைபேசிச் செயலியோ நம் வேகத்தையும் திடீர் பிரேக்கையும் குறித்துக்கொள்ளும். பிரிட்டனில் கார் வாங்கும் இளைஞர்கள் பலர், கூடுதல் பிரீமியத்துக்குப் பயந்து இப்படியொரு கருவியை விரும்பியே பொருத்திக்கொள்கிறார்கள். நம்மிடம் எல்லா நிறுவனத்திலும் இது இல்லை. ஆனாலும் குறைவாக ஓட்டுகிறவர்கள் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நிறுவனம் மாறும்போது, போன ஆண்டு கிளைம் வாங்கியதை மறைத்துப் போனஸ் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். புதிய நிறுவனம் பழைய நிறுவனத்திடம் விசாரித்து அறிந்துவிடும். பிறகு உண்மையான தேவை வருகிற நாளில் உங்கள் கிளைம் நிற்காது.

இனி, நான் முதலில் சொன்ன அந்தப் பெரிய மிச்சத்துக்கு வருகிறேன்.

கடலை நம்பிப் பிழைக்கிற ஊருக்குக் காப்பீட்டின் அடிப்படையை விளக்க வேண்டியதில்லை. காப்பீடு கடலோரத்தில் வளர்ந்த தொழில். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் எட்வர்ட் லாய்ட் என்பவர் நடத்திய காப்பிக் கடையில் கப்பல் முதலாளிகளும் வணிகர்களும் கூடி, கப்பல் மூழ்கினால் நேரும் இழப்பை ஆளுக்கொரு பங்காக ஏற்றுக்கொண்டார்கள். லாய்ட்ஸ் என்கிற பெயர் இன்றைக்கும் அங்கே நிற்கிறது. ஒருவருக்கு வரும் இழப்பைப் பலரும் தாங்குவது, அவ்வளவுதான் காப்பீடு. தாங்குகிற பாரம் கூடினால் ஆளுக்கொரு பங்கும் கூடும்.

தேர்ட் பார்ட்டிக் கணக்கு இப்படித்தான் ஓடுகிறது. நாடு முழுவதும் சாலையில் நேர்ந்த சாவுகளுக்கும் காயங்களுக்கும் நீதிமன்றங்கள் விதித்த இழப்பீட்டுப் பாரத்தை வைத்துத்தான் அந்தத் தொகை காலத்துக்குக் காலம் திருத்தப்படுகிறது. சாவுக்கும் காயத்துக்குமான இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. விபத்தில் இறந்தவரின் வயதையும் வருமானத்தையும் பார்த்துத் தீர்ப்பாயம் கணக்கிடும். உச்ச நீதிமன்றம் 2009இல் வகுத்த அட்டவணைப்படி, இறந்தவர் 15 முதல் 25 வயதுக்குள் என்றால் அவருடைய ஆண்டு வருமானத்தில் குடும்பத்துக்குச் சேர வேண்டிய பங்கை 18ஆல் பெருக்குவார்கள். எல்லாவற்றிலும் பெரிய பெருக்கெண் அது. வாழ்ந்திருக்க வேண்டிய வருடங்கள் அவ்வளவு என்பதுதான் அதன் பொருள்.

2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. இந்தியாவிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். நாளொன்றுக்கு ஏறக்குறைய 49 பேர். அந்த ஆண்டு நாடு முழுவதும் சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் அதிவேகத்தால் இறந்தவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். இந்த எண்களைப் பிரீமியத்துக்காக நான் எழுதவில்லை. ஒவ்வொன்றும் ஒரு வீடு. ஆனால் பிரீமியத்தையும் இந்த எண்களே நிர்ணயிக்கின்றன என்பதால், பக்கத்து வீட்டுப் பையனின் வேகம் உங்கள் கணக்கிலும் சேர்கிறது. உங்கள் நிதானமும் அவன் கணக்கில் சேர்கிறது.

நம் சாலைகளைப் பற்றிச் சொல்கிறேன், நீங்கள் அறிந்ததுதான். விடியுமுன்னே துறைமுகத்திலிருந்து மீன் வண்டிகள் கிளம்புகின்றன. ஐஸ் உருகி வடிகிற நீரில் சாலை வழுக்கும். பின்னால் வருகிற பைக்குக்கு அது இருட்டில் தெரியாது. வடகிழக்கு, தென்மேற்கு என்று இரண்டு பருவ மழையும் பெய்கிற மாவட்டம் இது. ஆண்டில் பல மாதங்கள் நனைந்த சாலையில்தான் ஓட்டுகிறோம். மாசிக் கொடைக்கு மண்டைக்காட்டில் கூட்டம் சாலையை நிறைத்துவிடும். வீட்டு வாசல் நேராகச் சாலையில் திறக்கிற தெருக்கள். எந்த வாசலிலிருந்து எந்தக் குழந்தை ஓடி வரும் என்று சொல்ல முடியாது.

இங்கே வேகத்தின் கணக்கைப் பாருங்கள். காய்ந்த சாலை, நல்ல பிரேக், ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்கில் விழ ஒரு நொடி என்று வைத்தால், 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நிற்க ஏறக்குறைய 20 மீட்டர் வேண்டும். 60இல் 37 மீட்டர். 80இல் 58 மீட்டர். மழையில் இன்னும் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. சரி, வேகமாகப் போனதால் மிச்சம் எவ்வளவு? இருபது கிலோமீட்டர் தூரத்தை 40இல் போனால் அரை மணி நேரம். வழியெல்லாம் 60இல் போக முடிந்தாலும் இருபது நிமிடம். நம் வளைவுகளிலும் ஜங்ஷன்களிலும் அந்தப் பத்து நிமிடம்கூட மிஞ்சாது. சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு நூற்றுக்கு நான்கு கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இன்னொன்று, திருவனந்தபுரம் ஏர்போர்ட் ஓட்டம். வெளிநாடு போகிற மகனை நள்ளிரவு விமானத்துக்கு ஏற்றிவிட்டு, களியக்காவிளை வழியாக விடியற்காலையில் திரும்புகிற வண்டிகள் எத்தனை! அழுது களைத்த குடும்பம் பின்னால் உறங்கும், ஓட்டுகிறவரும் உறங்காதவர்தான். போகும்போது எல்லோரும் நேரம் பார்க்கிறோம். திரும்பும்போது அவசரம் எதுவுமில்லை. ஓரமாக நிறுத்தி ஒரு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு வாருங்கள். ஓட்டுநர் வாடகைக்கு வந்தவரென்றால் நீங்களே சொல்லி நிறுத்துங்கள்: "அண்ணே, கொஞ்சம் கண்ணயர்ந்துட்டுப் போகலாம்." அவராகக் கேட்கத் தயங்குவார்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஸ்கூட்டியில் டியூஷனுக்குப் போவது நம் ஊரில் பெருமையாகவே பேசப்படுகிறது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடமிருந்து வசூலிக்கும்படி தீர்ப்பாகவும் கூடும். வீட்டை விற்றுக் கட்ட வேண்டிய தொகையாக அது இருக்கும். குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களுக்கும் இதுபோலத்தான்: குடிபோதையில் நேர்ந்த சொந்த வண்டிச் சேதத்துக்கு நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை என்று 2021இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

இருசக்கர வாகனக்காரர்களுக்கும் ஒரு சொல். 2018 செப்டம்பருக்குப் பிறகு விற்கும் புது பைக்குகள் ஐந்தாண்டுத் தேர்ட் பார்ட்டிக் காப்பீட்டோடுதான் ஷோரூமை விட்டு இறங்குகின்றன. கார்களுக்கு மூன்றாண்டு. அந்த ஐந்தாண்டு முடிந்த பிறகு பலர் அதை மறந்தேபோகிறார்கள். 714 ரூபாயை மிச்சம் பிடித்துக்கொண்டு ஓடுகிற பைக் யாரையாவது இடித்தால், லட்சக்கணக்கான இழப்பீடு நேராக ஓட்டியவர் தலையிலும் உரிமையாளர் தலையிலும் விழும். இன்றைக்கே தேதியைப் பாருங்கள்.

இனி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். போக்குவரத்து விதிமீறல்களைப் புள்ளிகளாகக் கணக்கிட்டு, அதற்கேற்ப மொத்தப் பிரீமியமும் கூடும்படி செய்யலாம் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அமைத்த குழு ஒன்று 2021 ஜனவரியில் வரைவு அறிக்கை தந்தது. முதலில் டெல்லியில் செய்து பார்க்கலாம் என்றும் சொன்னது. வாசகர்கள் கேட்கிற நியாயத்துக்கு இது பக்கத்தில் வருகிறது. கண்மண் தெரியாமல் ஓட்டுகிறவர் கூடுதலாகக் கட்டட்டும், கவனமாக ஓட்டுகிறவருக்குத் தேர்ட் பார்ட்டியிலும் கழிவு கிடைக்கட்டும். நானும் அதை ஆதரிக்கிறேன். ஆனால் இரண்டு நிபந்தனைகள் வேண்டும். தவறாக வந்த அபராதச் சீட்டை எளிய மனிதர் அலையாமல் திருத்திக்கொள்ள வழி இருக்க வேண்டும். தண்டனையை மட்டும் கொண்டுவந்து கழிவை மறந்துவிடக் கூடாது. நல்லபடி ஓட்டுகிறவரோடு அரசு ஒருநாளாவது கைகுலுக்க வேண்டும். அது அபராதத்தைவிட அதிகம் திருத்தும் என்று நம்புகிறேன்.

அதுவரைக்கும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பாராட்டுகிற வேலையை நம் இதழே தொடங்கலாம். உங்கள் ஊரில் வருடக்கணக்காக மினி பஸ், டெம்போ, ஆட்டோ, மீன் வண்டி, பள்ளி வேன் ஓட்டி, யாரையும் இடிக்காமல், யாரையும் அழவைக்காமல் வீடு வந்து சேர்கிற ஓட்டுநர்கள் இருப்பார்கள். அவர்களைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்புங்கள். எப்படி ஓட்டுகிறார்கள், எந்த வளைவில் வேகம் குறைக்கிறார்கள், இளைஞர்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். அவர்கள் சம்மதத்தோடு ஒரு புகைப்படமும் வையுங்கள். அடுத்த இதழிலிருந்து மாதம் ஒருவரை இங்கே அறிமுகம் செய்வோம். கூடவே உங்கள் ஊரில் எந்த வளைவில் விளக்கில்லை, எந்த ஜங்ஷனில் வேகத்தடை வேண்டும் என்பதையும் எழுதுங்கள். தொகுத்து உரிய அலுவலகங்களுக்கு நாமே கொண்டு சேர்ப்போம்.

பாலிசித் தாளில் வருகிற கழிவு உங்களுடையது, கேட்டு வாங்குங்கள். சாலையில் குறைகிற விபத்து நம் எல்லோருடையது, சேர்ந்து சம்பாதிப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்